மண்ணிலிருந்து ஒரு புதிய பூஞ்சை: தட்டில் கண்டது முதல் பெயரிடுவது வரை

மண்வாசி

பழனி மலையின் சோலைக்காட்டு மண்ணிலிருந்து நாங்கள் பிரித்தெடுத்த, டாலரோமைசிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த பூஞ்சை ஒன்று புதிய சிற்றினம்தான் என்று உறுதிசெய்த விதத்தை எழுதும்படி நண்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். கட்டுரை இன்னும் நடுவர்களின் பரிசீலனையில் இருப்பதால், அதற்கு நாங்கள் வைக்க எண்ணியிருக்கும் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. முறையாக வெளியிடப்படும் முன்பே ஒரு பெயர் எழுத்தில் உலவத் தொடங்கிவிட்டால் பின்னால் வருபவர்கள் அனைவருக்கும் அது தொல்லையாகிவிடும்.

மண் சேகரிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வனத்துறையின் அனுமதியைப் பெற்று, இலைக்குப்பையை விலக்கி, ஆல்கஹாலால் துடைத்த கரண்டியால் மேல்மண்ணை எடுத்துப் புதிய பைகளில் இட்டோம். அட்டைக்கடியைத் தவிர அங்கே வேறு சுவாரசியம் எதுவும் நிகழவில்லை. பூஞ்சையைக் காட்டில் யாரும் காண்பதில்லை. பெரும்பாலும் அது சில வாரங்களுக்குப் பிறகு ஆய்வகத் தட்டில்தான் கண்ணில் படுகிறது.

மண்ணை நுண்ணுயிர் நீக்கிய நீரில் கலந்து, அடுக்கடுக்காக நீர்த்து, அகார் எனும் கூழ்போன்ற வளர்ப்பு ஊடகத்தில் பரப்புவது நாம் அனைவரும் பின்பற்றும் முறை. மண்ணில் வித்துகளை அள்ளி இறைக்கும் பூஞ்சைகளும், ட்ரைக்கோடெர்மா, ரைசோபஸ் போல வேகமாகப் பரவுபவையும் மற்றவற்றுக்கு இடம் கொடுக்காமல் தட்டை மூடிவிடுகின்றன என்பதே அதன் குறை. ஊடகத்தில் ரோஸ் பெங்கால் சாயத்தைச் சேர்த்தால் அவற்றின் பரவல் மட்டுப்படும். ஆனால் வெளிச்சம் பட்டால் அந்தச் சாயம் பூஞ்சைகளுக்கே நஞ்சாக மாறிவிடுவதால் தட்டுகளை இருட்டில்தான் வைக்க வேண்டும். எங்களுக்குப் பலன் கொடுத்தது வேறொரு முறை. மண் கரைசலை 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைத்திருந்தால் பெரும்பாலான கொனிடியங்கள் (பாலிலா முறையில் உண்டாகும் வித்துகள்) மடிந்துவிடுகின்றன. ஆஸ்கஸ் எனும் பைக்குள் பால்வழி உண்டாகும், தடித்த சுவருடைய ஆஸ்கஸ் வித்துகள் பிழைத்துக்கொள்கின்றன. சிலவற்றுக்கு முளைக்கவே அந்தச் சூடு தூண்டுதலாக அமைகிறது. இவ்வாறு சூடேற்றிய கரைசலை இட்ட தட்டுகளில்தான் இந்தப் பூஞ்சை முளைத்தது.

டாலரோமைசிஸ் என்று அறிவது எளிதாக இருந்தது. ஓட்ஸ் அகாரில் இரண்டு வாரத்துக்குள், மெல்லிய இழைகளால் பின்னப்பட்ட மஞ்சள் நிற ஆஸ்கஸ் கனிகள் (ஆஸ்கஸ்களைத் தாங்கும் உறுப்புகள்) தோன்றின. தட்டின் அடிப்புறம் செம்மை படர்ந்திருந்தது. ஆனால் இந்தப் பேரினத்தில் 2014இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு 88 சிற்றினங்களை ஏற்றுக்கொண்டிருந்தது. 2020இல் வெளியான பட்டியலில் அந்த எண்ணிக்கை 171 ஆகிவிட்டது. மஞ்சள் கனியும் சிவந்த அடிப்புறமும் உடையவை அவற்றில் ஏராளம். எனவே வெறும் தோற்றத்தை வைத்துக்கொண்டு புதியது என்று சொல்லும் துணிவு எங்களில் யாருக்கும் வரவில்லை.

பூஞ்சைகளுக்குப் பொது அடையாளமாக 2012இல் முன்மொழியப்பட்ட, ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்களுக்கு இடையிலுள்ள ஐ.டி.எஸ். பகுதியின் டி.என்.ஏ. வரிசையை முதலில் பார்த்தோம். அது நன்கு அறியப்பட்ட ஒரு சிற்றினத்தோடு முழுமையாக ஒத்துப்போனது. வேறு பேரினமாக இருந்திருந்தால் அதோடு கோப்பை மூடியிருப்போம். டாலரோமைசிஸில் ஐ.டி.எஸ். போதாது என்பதாலும், அதற்குத் துணை அடையாளமாகப் பீட்டா டியூபுலின் மரபணுவைப் பார்க்க வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டதாலும் அதையும் வரிசைப்படுத்தினோம். அங்கே தெளிவான விலகல் தெரிந்தது. கால்மொடுலின் மரபணுவும், ஆர்.என்.ஏ. பாலிமரேஸின் இரண்டாம் பெரிய துணையலகுக்கான மரபணுவும் அதே விலகலைக் காட்டியபோதுதான் நம்பிக்கை பிறந்தது. ஒரு மரபணு மட்டும் தனிக்கிளையாக நிற்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஒன்றோடொன்று தொடர்பற்ற மூன்று மரபணுக்களும் ஒரே கிளைப்பிரிவைக் காட்டினால், அந்தக் கூட்டம் தனக்குள்ளேயே மரபணுக் கலப்புச் செய்து நெடுங்காலம் தனித்து வாழ்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பொதுத் தரவகங்களில் கிடைக்கும் வரிசைகள் பலவற்றின் மீது ஒட்டப்பட்டிருக்கும் பெயர்கள் தவறானவை. முதல் விவரிப்புக்கு அடிப்படையாக இருந்த வகைமாதிரியோடு தொடர்புடைய வளர்ப்பிலிருந்து (ஆய்வகத்தில் பேணும் உயிருள்ள பூஞ்சையிலிருந்து) பெறப்பட்ட வரிசைகளோடு மட்டுமே ஒப்பிடுங்கள். தேடல் முடிவில் முதலில் வந்து நிற்கும் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளும் பழக்கத்தால், அறிந்தவை புதியனவாகவும் புதியவை அறிந்தனவாகவும் எத்தனையோ கட்டுரைகளில் பதிவாகியிருக்கின்றன.

அதன் பிறகு வந்ததுதான் நீண்ட வேலை. நெருங்கிய உறவினங்களில் இந்தியச் சேமிப்பகங்களில் கிடைத்தவற்றைப் பெற்று, அவற்றையும் எங்கள் பூஞ்சையையும் ஒரே நாளில், ஒரே கொதிகலனில் தயாரித்த ஊடகங்களில், தட்டுக்கு மூன்று புள்ளிகளாக இட்டு, 25 பாகையில் ஏழு நாள் இருட்டில் வளர்த்தோம். 37 பாகையில் வளர்கிறதா என்பதையும் தனியே பார்த்தோம். விவரிப்பு என்பது உண்மையில் இந்த ஒப்பீட்டின் பதிவுதான். எங்கள் பூஞ்சையின் ஆஸ்கஸ் வித்துகளில் உள்ள முட்கள் சாதாரண நுண்ணோக்கியில் அடர்ந்த சொரசொரப்பாக மட்டுமே தெரிந்தன. அவை வரிசையாக அமைந்திருப்பது மின்னணு நுண்ணோக்கியில்தான் விளங்கியது.

இத்தனைக்குப் பிறகும், கையிலிருந்தது ஒரே ஒரு வளர்ப்பு என்பதால் நான் எழுத மறுத்துவிட்டேன். அதே சோலைக்கு மீண்டும் சென்றும், அதனின்று தள்ளியிருந்த இன்னொரு சோலையிலும் மண் எடுத்தோம். இரண்டாவது சோலையிலிருந்தும் அது கிடைத்தது. அதில் செந்நிறம் சற்றே மங்கலாகவும், கனிகள் தாமதமாகவும் தோன்றின. முதல் வளர்ப்பை மட்டும் நம்பி எழுதியிருந்தால் அடர்சிவப்பை அந்தச் சிற்றினத்தின் அடையாளமாகவே பதிந்திருப்போம்.

கண்ணாடிச்சில்லு

ஓய்வுபெற்றவன் என்பதால் பழைய நடைமுறையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று எண்ணுகிறேன். நாங்கள் பயின்ற காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பூஞ்சையியலாளர் சி. வி. சுப்பிரமணியன் அவர்களின் வழிவந்தவர்கள், கொனிடியம் எவ்வாறு உருவாகிறது என்பதையே வகைப்பாட்டின் முதுகெலும்பாகக் கொண்டிருந்தார்கள். வித்தின் வடிவத்தைவிட, அது காம்பில் எந்த இடத்தில், எந்த வரிசையில் பிறக்கிறது என்பதை, நுண்ணோக்கியில் தெரிவதைத் தாளில் வரைய உதவும் கேமரா லூசிடா வழியே மணிக்கணக்கில் வரைய வேண்டும். மண்வாசி குறிப்பிடும் மரபணுக் கிளைகளைப் பார்க்கும்போது, அந்தக் கோட்டோவியங்கள் பல இடங்களில் இன்றும் தாக்குப்பிடிப்பது எனக்கு மகிழ்ச்சியளிக்கிறது. சில இடங்களில் அவை அடியோடு பொய்த்துப்போனதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அன்று இலத்தீனில் விவரக்குறிப்பு எழுதாமல் பெயர் செல்லாது. 2012 ஜனவரி 1 முதல் ஆங்கிலமும் ஏற்கப்படுகிறது. பால்வழி வித்துண்டாக்கும் நிலைக்கு டாலரோமைசிஸ் என்றும், அதே பூஞ்சையின் பாலிலா நிலைக்குப் பெனிசிலியம் என்றும் இரு பெயர் வழங்கிய ஏற்பாட்டை 2011இல் மெல்போர்னில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு முடிவுக்குக் கொண்டுவந்தது. 2013 ஜனவரி 1 முதல், மைக்கோபேங்க் போன்ற அங்கீகரிக்கப்பட்ட பதிவகம் ஒன்றிடமிருந்து அடையாள எண் பெற்று அதைக் கட்டுரையில் அச்சிட வேண்டும். இளையவர்கள் அடிக்கடி தவறவிடுவது வேறொன்று: உயிருள்ள வளர்ப்பு வகைமாதிரியாக முடியாது. உலர்த்தியோ உறையவைத்தோ வளர்சிதை மாற்றம் நின்றுபோன நிலையில் வைக்கப்பட்டதே வகைமாதிரி ஆகும். அதைக் கட்டுரையில் வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும். புனேயின் அகர்கர் ஆய்வு நிறுவனத்தில் உலர்மாதிரிகளுக்கு அஜ்ரேகர் பூஞ்சைக் காப்பகமும், உயிர்வளர்ப்புகளுக்கு தேசியப் பூஞ்சை வளர்ப்புச் சேமிப்பகமும் ஒரே வளாகத்தில் இருப்பது நமக்குப் பெரிய வசதி. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவும், புதிய இனத்தைக் கண்டவர் அதை அதற்கென நியமிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியை ஒப்படைக்க வேண்டும் என்கிறது.

வேர்முடிச்சு

மண்வாசியின் உழைப்பை மதிக்கிறேன். இரண்டாவது வளர்ப்பு கிடைக்கும் வரை எழுதக் கூடாது என்ற அவருடைய கட்டுப்பாட்டை மட்டும் ஏற்க இயலவில்லை. நான் மண்ணிலிருந்து நேரடியாக டி.என்.ஏ. பிரித்து வரிசைப்படுத்தும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் மாதிரிகளில் எந்த வளர்ப்போடும் பொருந்தாத வரிசைகள் குவிந்துகிடக்கின்றன. அமெரிக்காவின் கொலராடோவில், மரங்களற்ற உயர்மலைத் தூந்திர மண்ணில் 2003இல் ஒரு பூஞ்சைக் கூட்டம் வரிசையாக மட்டுமே அறியப்பட்டது. சுவீடன் ஆய்வாளர்கள் ஊசியிலை மர வேர்களிலிருந்து பெற்ற, மிக மெதுவாக வளரும் ஒரு வளர்ப்பை வைத்து 2011இல் ஆர்க்கியோரைசோமைசீட்ஸ் என்ற புதிய வகுப்பையே நிறுவும் வரை அதற்கு முறையான பெயர் கிடையாது. மண்ணில் எங்கும் நிறைந்திருந்த ஓர் உயிரினக் கூட்டம் எட்டாண்டுகள் பெயரின்றி இருந்தது. வரிசையையே வகைமாதிரியாக ஏற்கலாம் என்ற முன்மொழிவு 2018இல் சான் யுவானில் கூடிய பன்னாட்டுப் பூஞ்சையியல் மாநாட்டில் தோற்றது எனக்கு இன்றும் வருத்தமே. உங்கள் இரண்டாவது சான்றை எங்கள் வரிசைத் தொகுப்பிலேயே தேடியிருக்கலாமே?

மண்வாசி

நியாயமான கேள்வி. தேடினோம். ஆனால் மண் டி.என்.ஏ. ஆய்வுகளில் பெரும்பாலும் ஐ.டி.எஸ். பகுதிதான் வரிசைப்படுத்தப்படுகிறது. எங்கள் பூஞ்சையின் ஐ.டி.எஸ். ஏற்கெனவே அறியப்பட்ட உறவினத்தோடு ஒன்றாகவே இருப்பதால், அங்கே கிடைக்கும் பொருத்தம் இரண்டில் எதைக் குறிக்கிறது என்று சொல்ல வழியில்லை. ஆர்க்கியோரைசோமைசீட்ஸ் போல நெருங்கிய சுற்றம் இல்லாத கூட்டங்களுக்கு உங்கள் வாதம் பொருந்தலாம்; டாலரோமைசிஸுக்குப் பொருந்தாது. தவிர, வரிசையைச் சூடேற்றிப் பார்க்கவோ, நாளை வேறொருவர் வேறொரு ஊடகத்தில் வளர்த்து எங்களை மறுக்கவோ முடியாது. சேமிப்பகத்தில் வளர்ப்பு இருந்தால் அந்த வாய்ப்பு யாருக்கும் உண்டு.

நடுவர்களில் ஒருவர் 37 பாகை வளர்ப்பின் படத்தை இரண்டு வளர்ப்புகளுக்கும் தனித்தனியே கேட்டிருக்கிறார். அந்தத் தட்டுகள் இப்போது அடைகாப்பானில் உள்ளன. நீலகிரிச் சோலைமண்ணைச் சூடேற்றிப் பிரித்த மஞ்சள் கனி வளர்ப்புகள் யாரிடமாவது இருந்தால் பீட்டா டியூபுலின் வரிசையை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறோம். எங்களுடையதைத் தனி மடலில் அனுப்புகிறேன்.