கருங்கல்லை உருட்டினால் பளபளப்புக்குப் பதில் குழி விழுகிறது, ஏன்?

உச்சிப்புளிக்காரன்:
வணக்கம். வீட்டில் ரப்பர் டிரம் வைத்த சின்ன ராக் டம்ப்ளர், அதாவது கல்லைப் பொடியோடு உருட்டிப் பளபளப்பாக்குகிற மெஷின், ஒன்று ஓடுகிறது. அகேட், ஜாஸ்பர் மாதிரி மணிக்கல் எல்லாம் இதில் முகம் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது, கருங்கல்தான் மானத்தை வாங்குகிறது. முதலில் கரகரப்பான 60 நம்பர் சிலிக்கன் கார்பைடு பொடி, பிறகு அதைவிட நைசான 220, பிறகு 500, கடைசியில் பாலீஷுக்கு அலுமினியம் ஆக்சைடு, ஒவ்வொன்றும் ஒரு வாரம் என்று ஒழுங்காகத்தான் ஓட்டுகிறேன். தண்ணீரில் நனைந்திருக்கும்போது பார்க்க அருமை, காய்ந்ததும் மேலெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி பொடிப்பொடியாகக் குழி, குழிக்குள் வெள்ளையாகப் பொடி அடைத்துக்கொண்டு நிற்கிறது. ரோஸ் கலரில் கறுப்புப் புள்ளி போட்ட கல், வெயிலில் பிடித்தால் அங்கங்கே மினுக்கும், பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு வாங்கியது. பொடியை மாற்ற வேண்டுமா? இன்னொன்று, நம்ம கரையிலேயே நல்ல கல் கிடைக்குமா? தனுஷ்கோடி ரோட்டோரம் பெரிய பெரிய பாறாங்கல் கிடக்கிறதே, அதில் சில்லு எடுத்தால் என்ன?

கீழக்கரை காக்கா:
தம்பி, பொடி மேல் பழி போடாதீர்கள், நீங்கள் சொன்ன அந்த மினுக்குதான் வில்லன். அது மைக்கா, அப்பிரகம் என்பார்களே அது. கருங்கல் ஒரே பொருள் இல்லை, குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா என்று மூன்று நான்கு தாது சேர்ந்தது, கடினத்தைக் காட்டுகிற மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6, கறுப்பு மைக்காவோ 3-ஐத் தாண்டாது, அதுவும் ஏடு ஏடாக உரிகிற ஜாதி. டிரம்முக்குள் பொடி எல்லாப் பக்கமும் இடிக்கும்போது குவார்ட்ஸ் நிற்கும், மைக்கா உதிர்ந்து குழியாகும், அந்தக் குழியில் முந்தின சுற்றின் பொடி ஒளிந்துகொண்டு பாலீஷ் டிரம் வரைக்கும் கூடவே வரும். அகேட் முழுக்க ஒரே குவார்ட்ஸ் என்பதால் அதில் இந்தத் தொல்லை கிடையாது. அப்புறம், ஒரு வாரம் என்பதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 60 நம்பர் பொடி சில நாளிலேயே உடைந்து மாவாகிவிடும், அதற்கு மேல் சுற்றினால் கரண்ட் பில்தான் ஏறும். திறந்து, கழுவி, புதுப் பொடி போட்டு, விரிசலும் பள்ளமும் போகிறவரை முதல் சுற்றையே திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். அடுத்த சுற்றுகள் அதைச் சரிசெய்யாது.

மேலூர் பட்டறை:
காக்கா சொன்னது சரி, ஆனால் கல்லை மாற்றாமல் எத்தனை தடவை ஓட்டினாலும் மைக்கா மைக்காதான், புதுசு புதுசாக வெளியே வந்துகொண்டே இருக்கும். கல் கடையில் கறுப்பு கிரானைட் என்று விற்கிறார்களே, அதன் துண்டைக் கேளுங்கள், சும்மாவே கொடுப்பார்கள். உண்மையில் அதில் பெரும்பாலும் டோலரைட், காப்ரோ என்கிற வேறு கறும்பாறை வகைதான், உள்ளே இருக்கிற தாதுக்கள் எல்லாம் 5, 6 என்று கிட்டத்தட்ட ஒரே கடினம், மணியும் பொடிசு, அதனால் சமமாகத் தேயும். இல்லை என்றால் ஜல்லிக் குவியலிலேயே எண்ணெய் தடவின மாதிரி பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் இருப்பதைப் பொறுக்குங்கள். அது சார்னக்கைட். பல்லாவரம் பக்கத்துப் பாறை அதுதான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னக் கல்லறையில் பதித்த கல்லும் அதே இனம் என்பதால் அவர் பேரையே வைத்துவிட்டார்கள். மைக்கா குறைவு.

துண்டு உடைக்கும்போது நனைத்துக்கொண்டு உடைக்கவும். காய்ந்த கல்லில் கிரைண்டர் போடவே போடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்பி வராது, பட்டறையில் இருமிக்கொண்டே வேலை பார்க்கிற பெரியவர்களைக் கேட்டால் தெரியும்.

உச்சிப்புளிக்காரன்:
நன்றி அண்ணே. அப்படியென்றால் சமையல் மேடையில் போடுகிற ரோஸ் கிரானைட் மட்டும் எப்படிப் பளபளக்கிறது? அதிலும் மைக்கா இருக்கத்தானே செய்கிறது?

மேலூர் பட்டறை:
இருக்கும். ஆனால் அங்கே தட்டையான கெட்டி வட்டு மேலே அழுத்திக்கொண்டு போகிறது, சுற்றி இருக்கிற குவார்ட்ஸ் வட்டைத் தாங்கிப் பிடிப்பதால் மைக்காவை ஓரளவுக்கு மேல் தோண்ட முடியாது. அதோடு பல பலகைகளுக்கு முதலிலேயே ரெசின் ஊற்றிக் குழியை அடைத்துவிடுவார்கள். உங்களுக்கு அந்த ரோஸ் கல்தான் வேண்டும் என்றால் உருட்டாதீர்கள், ஒரு முகத்தை மட்டும் தட்டையாக்கி, கண்ணாடித் துண்டு மேல் வாட்டர் பேப்பரை ஒட்டி, நனைத்துக் கையால் தேயுங்கள். எனக்கு உருண்டைக் கூழாங்கல்லை விட அப்படி ஒரு பக்கம் மட்டும் மின்னுகிற கல்தான் பிடிக்கும், ரசனை அவரவர்க்கு.

மண்டபம் டீக்கடை:
கரைக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. தம்பி, நம்ம கரையில் கருங்கல் விளையாது. பாம்பன், மண்டபம் எல்லாம் சுண்ணாம்பு கலந்த மணற்கல்லும் பழைய பவளப் பாறையும்தான். ராமேஸ்வரம் கோயில் பிரகாரத் தூணே வெளியிலிருந்து வந்த கல். தனுஷ்கோடி ரோட்டோரம் கிடப்பது அலைக்குத் தடுப்பாக லாரியில் கொண்டுவந்து கொட்டினது, அதில் உளி வைக்க வேண்டாம், ஆளாளுக்கு ஒரு சில்லு எடுத்தால் ரோடு என்ன ஆகும்?

பவளத் துண்டு ஒதுங்கிக் கிடந்தாலும் எடுக்காதீர்கள். செத்த பவளம்தானே என்பார்கள், 2001-லிருந்து அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வனத்துறைக்காரர் பையைத் திறந்து பார்த்தால் கதை வேறு. மன்னார் வளைகுடாத் தீவுகள் பக்கமோ 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்கா. சட்டத்தை விடுங்கள், பவளமும் சிப்பியும் கருங்கல்லோடு ஒரே டிரம்மில் போனால் இரண்டு நாளில் கூழ்.

கீழக்கரை காக்கா:
டீக்கடைக்காரர் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன், நம்ம உப்புக் காற்றில் மோட்டார் பேரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும், மொட்டை மாடியில் வைக்காதீர்கள், ரோலர் தண்டில் அவ்வப்போது எண்ணெய் விடுங்கள். டிரம்மில் முக்கால் பங்கு கல் இருக்கட்டும், தண்ணீர் மேல் அடுக்குக்குச் சற்றுக் கீழே நின்றால் போதும். கல் குறைந்தால் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து நொறுங்கும், அதற்கு அதே கல்லின் பொடித் துண்டுகளைப் போட்டு நிரப்புங்கள். பாலீஷுக்கு சீரியம் ஆக்சைடு நல்லது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், குவார்ட்ஸுக்குச் சரி, கறுப்புக் கல்லுக்கு நீங்கள் வைத்திருக்கிற அலுமினியம் ஆக்சைடே போதும்.

உச்சிப்புளிக்காரன்:
சரி காக்கா, ஞாயிற்றுக்கிழமை கல் கடைக்குப் போகிறேன். கழுவின சேற்றுத் தண்ணீரை என்ன செய்கிறீர்கள்?

மேலூர் பட்டறை:
சாக்கடையில் ஊற்றினால் குழாய்க்குள் சிமெண்ட் போல இறுகிவிடும், பிளம்பருக்குத்தான் யோகம். வாளியில் தெளியவிட்டு மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, அடிச் சேற்றைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். காயவிட்டுப் பெருக்காதீர்கள், அதுவும் அதே தூசிதான்.