புதுப்பிப்பு: வாரம் 5 நாளும் அலுவலகம் என்ற உத்தரவுக்குப் பின்

முழுநேரத் தொலைநிலைப் பணி என்று சொல்லிச் சேர்த்துக்கொண்ட நிறுவனம், வாரம் 5 நாளும் அலுவலகம் வரவேண்டும் என்று உத்தரவிட்டிருப்பதை முன்பு எழுதி, இணங்குவதா விலகுவதா என்று கேட்டிருந்தேன். பணி ஆணையை மீண்டும் படிக்கும்படி பலர் அறிவுறுத்தினீர்கள். படித்தேன், பணியிடத்தை நிறுவனம் தன் விருப்பப்படி மாற்றலாம் என்ற வரி அதில் இருந்ததால், வாய்மொழி உறுதிக்கு மதிப்பில்லாமல் போயிற்று.

மேலாளரிடம் பேசும்போது ஓர் ஆய்வை எடுத்துச் சென்றேன். டிரிப்.காம் என்ற சீனப் பயண முன்பதிவு நிறுவனத்தில் 1,600க்கும் மேற்பட்ட ஊழியர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2024இல் நேச்சர் அறிவியல் இதழில் வெளியான அந்த ஆய்வில், வாரம் 2 நாள் வீட்டிலிருந்து பணியாற்றியவர்களிடையே பணிவிலகல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. செயல்திறன் மதிப்பீடும் பதவி உயர்வும் பாதிக்கப்படவில்லை. மேலாளர் மறுக்கவில்லை, ஆனால் முடிவு தம் கையில் இல்லை என்றார். அமேசான் 2025 ஜனவரி முதல் 5 நாள் வருகையைக் கோரியதைத்தான் மேலிடம் முன்னுதாரணமாகக் காட்டுகிறதாம். (இழப்பீடின்றி ஆட்களைக் குறைக்கும் வழியாகவும் இது அமைகிறது என்பது என் ஐயம்.)

எனவே விலகுவதென்று முடிவெடுத்தேன். வேலை தேடல்தான் கடினமாக இருந்தது. தொலைநிலை என்று விளம்பரப்படுத்தப்பட்ட பல பணிகள், நேர்காணலின் இறுதிச் சுற்றில் கலப்புமுறையாக (சில நாள் அலுவலகம், சில நாள் வீடு) மாறின. எனவே முதல் அழைப்பிலேயே, வருகை நாட்களின் எண்ணிக்கை ஒப்பந்தத்தில் எழுதப்படுமா என்று கேட்கத் தொடங்கினேன். அதற்கு ஒப்புக்கொண்ட ஒரு நிறுவனத்தில், சற்றுக் குறைந்த ஊதியத்திற்கு, வாரம் 2 நாள் வருகை என்ற நிபந்தனையுடன் அடுத்த மாதம் சேர்கிறேன்.