‘பம்ப் டெஸ்ட்’: துலங்கல் சோதனை என்னும் பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நான்கு வாயுக்களை அளந்து ஆபத்தை எச்சரிக்கும் நால்வாயு உணர்கருவியின் பராமரிப்புக் கையேட்டில் ‘பம்ப் டெஸ்ட்’ (bump test: கருவிக்கு வாயுவைக் காட்டி அது எச்சரிக்கிறதா என்று பார்க்கும் சோதனை) என்பதை ஒலிபெயர்த்தே வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்து முன்வைக்கப்பட்டிருக்கிறது. தொழிற்சாலைகளில் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால், தமிழில் எழுதும்போது மோதலைக் குறிக்கும் அந்த ‘bump’ என்ற சொல்லும் காற்றை உறிஞ்சும் பம்பும் (pump) ஒன்றாகிவிடுகின்றன. உறிஞ்சு குழாயின் வாயை விரலால் அடைத்து, அலாரம் ஒலிக்கிறதா என்று பார்க்கும் பம்புச் சோதனை அதே கருவிக்குத் தனியாக உண்டு. படிப்பவர் அதைச் செய்துவிட்டுப் பதிவேட்டில் குறியிட்டால், உணரிகள் வாயுவைச் சந்திக்காமலேயே கருவி கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிவிடும். ‘மோதல் சோதனை’ என்ற நேர்ப்பெயர்ப்பும் உதவாது. கருவியைக் கீழே போட்டுப் பார்ப்பதாகவே அது பொருள்படும்.

அச்சோதனையில் உண்மையில் நடப்பது இதுதான். கார்பன் மோனாக்சைடு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு), ஹைட்ரஜன் சல்பைடு 25 பிபிஎம், ஆக்சிஜன் 18 விழுக்காடு, கீழ் வெடிவரம்பில் (காற்றில் தீப்பற்றத் தேவையான மிகக் குறைந்த அளவில்) பாதியளவு மீத்தேன் என்றவாறு கலந்த சிறு உருளையிலிருந்து கருவிக்குச் சிறிது நேரம் வாயு செலுத்தப்படுகிறது. திரையில் எண்கள் ஏறி, ஆக்சிஜன் தூய காற்றில் உள்ள 20.9 விழுக்காட்டிலிருந்து இறங்கி, விளக்கு மின்னி, ஒலி எழுந்து, கருவி கையில் அதிர வேண்டும். சிலிகோன் ஆவி பட்டு நஞ்சேறிய, மீத்தேனை உணரும் வினையூக்கி உணரியும், சேறு படிந்து வடிகட்டி அடைபட்ட, நச்சு வாயுக்களை உணரும் மின்வேதி உணரியும் தூய காற்றில் நல்ல உணரியைப் போலவே சுழியைக் காட்டும் என்பதால், வாயுவைக் காட்டாமல் பழுதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

எனவே ‘துலங்கல் சோதனை’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். தூண்டலும் (stimulus) அதற்கான எதிர்வினையாகிய துலங்கலும் (response) பள்ளிப் பாடநூல்களிலேயே பழகிய இணை. இறுதி அளவின் 90 விழுக்காட்டை எட்ட உணரி எடுத்துக்கொள்ளும் காலத்தைத் ‘துலங்கு நேரம்’ என்று இதிலிருந்தே ஆக்கிக்கொள்ளலாம். ‘விழிப்புச் சோதனை’ என்ற முன்மொழிவு அழகானது, எனக்கும் பிடித்திருந்தது. ஆயினும் கருவி இயங்கு நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பதாக மட்டுமே அது ஒலிக்கிறது.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா மூன்று செயல்களைப் பிரித்துப் பேசுகிறது. உணரி வாயுவை உணர்ந்து எச்சரிக்கிறதா என்று மட்டும் பார்ப்பது முதலாவது. காட்டும் எண், உருளையில் பொறித்த அளவோடு ஏற்கத்தக்க எல்லைக்குள் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது. ஒத்திராதபோது கருவியையே சரிசெய்வது மூன்றாவது. முதல் இரண்டில் ஒன்றையேனும் ஒவ்வொரு நாளும் பயன்பாட்டுக்கு முன் செய்யுமாறு அது பரிந்துரைக்கிறது. இவற்றுக்கு முறையே துலங்கல் சோதனை, அளவுச் சரிபார்ப்பு, அளவுதிருத்தம் என்று வைத்தால், திருத்தம் என்ற சொல் கருவியை உண்மையில் மாற்றியமைக்கும் செயலுக்கு மட்டும் உரியதாக நிற்கும். மூன்றாவதற்குச் சிலர் எழுதும் ‘அளவீடு செய்தல்’ அளத்தலையே குறித்துவிடுவதால் அதைத் தவிர்க்கலாம்.

அளவுதிருத்தத்தில், தூய காற்றில் எண்ணைச் சுழிக்குக் கொண்டுவருவதற்குச் ‘சுழித் திருத்தம்’ பொருந்துகிறது. காட்டும் எண்ணை உருளை வாயுவின் அளவோடு பொருத்தும் ‘ஸ்பான்’ (span) திருத்தத்துக்குத்தான் சொல் அமையவில்லை. ‘வீச்சு’ ஏற்கெனவே அளவெல்லையைக் குறிக்கிறது. ‘மேற்புள்ளித் திருத்தம்’ என்பதைத் தற்காலிகமாக எழுதியிருக்கிறேன்; கருவிப் பராமரிப்பில் உள்ளவர்கள் இதைவிடப் பொருத்தமான சொல்லைத் தந்தால் ஏற்றுக்கொள்கிறேன்.