க்யூப்ஸ் போட லேப்டாப் தேடுகிறீர்களா? முதலில் பயாஸைத் திறந்து பாருங்க

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். நூல் சப்ளையர் பெயரில் "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று ஒரு மெயில் வரும், கூடவே ஒரு பிடிஎஃப். கணக்குப் பிரிவுத் தம்பிகள் அதைத் திறக்காமல் வேலை நடக்காது. க்யூப்ஸ் ஓஎஸ் என்பது ஒரே கணினியைப் பல தனித்தனி மெய்நிகர் கணினிகளாகப் பிரித்து ஓட்டும் இயங்குதளம்; அந்த ஒவ்வொரு பிரிவும் ஒரு க்யூப். அதில் மெயில் ஒரு க்யூபில், வங்கி வேறொன்றில். சந்தேகமான ஃபைலை, மூடியதும் அழிந்துவிடும் தனி க்யூபில் திறக்கலாம். இதற்காகவே அதைப் பிடிவாதமாகக் கொண்டுவந்தேன்.

கோவை காந்திபுரம் பக்கம் பழைய லேப்டாப் பார்க்கப் போனபோது, கடைக்கார அண்ணன் "ராம் எவ்வளவு வேணுங்க?" என்றுதான் ஆரம்பித்தார். நான் பவரைப் போட்டு நேராக பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் வருமுன்னே திறக்கும் அமைப்புத் திரைக்குள் போனேன். மெய்நிகர் கணினிகளை ஓட்ட உதவும் இன்டெல் பிராசசர் வசதியான விடி-எக்ஸ் இருந்தது. விடி-டி என்ற வரியே இல்லை. நல்ல விலைதான், இருந்தாலும் வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

காரணம் இதுதான். க்யூப்ஸில் வைஃபை கார்டை சிஸ்-நெட் என்ற தனி க்யூபிடம் ஒப்படைக்கிறோம். ஆனால் அந்த கார்டால் பிராசசரைக் கேட்காமலே மெமரியில் நேரடியாகப் படிக்கவும் எழுதவும் முடியும். அதைத் தன் எல்லைக்குள் நிறுத்துவது விடி-டி, ஏஎம்டியில் ஏஎம்டி-விஐ. அது இல்லாமல் க்யூப்ஸ் போடுவது, காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி போட்டுவிட்டுப் படலைத் திறந்து வைப்பதுதான். விடி-எக்ஸோடு, க்யூப்களின் மெமரியைப் பிராசசரே கையாள உதவும் இபிடியும் வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்க.

ராம் குறைந்தது 6 ஜிபி என்று க்யூப்ஸ்காரர்களே சொல்கிறார்கள். பரிந்துரை 16. ஒவ்வொரு க்யூபும் தனித்தனி கணினிபோல மெமரி கேட்கும், அதனால் 16-க்குக் கீழே அலுவலக வேலைக்கு யாருக்கும் சொல்லமாட்டேன். டிஸ்க் 32 ஜிபி போதும் என்றாலும் 128 ஜிபி எஸ்எஸ்டி வையுங்க. கிராஃபிக்ஸ் இன்டெலின் உள்ளமைந்ததே நல்லது; என்விடியா கார்டு உள்ள கேமிங் லேப்டாப் வீண் தலைவலி.

அப்புறம், டெஸ்க்டாப்பில் போடுகிறவர்கள் கீபோர்டைக் கவனியுங்க. யுஎஸ்பி கன்ட்ரோலரையும் தனி க்யூபுக்குள் அடைத்துவிட்டால், யுஎஸ்பி கீபோர்டு அதன் வழியாகத்தான் வர வேண்டும். அமைப்பு சரியில்லை என்றால் டிஸ்க் பாஸ்வேர்டைக்கூட அடிக்க முடியாமல் வெளியே நிற்போம். பழைய உருண்டை முனை பிஎஸ்/2 கீபோர்டு இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வாங்கும் முன் க்யூப்ஸ் தளத்தில் உள்ள ஹார்டுவேர் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா பாருங்க. நம்மைப் போன்றவர்கள் ஓட்டிப் பார்த்து அனுப்பிய முடிவுகள் அவை. ஈரோடு, கரூர் பக்கம் ஏஎம்டி லேப்டாப்பில் ஓட்டுகிறவர்கள் இருந்தால், மூடி வைத்துத் திறக்கும்போது வைஃபை ஒழுங்காகத் திரும்ப வருகிறதா என்று சொல்லுங்க. அடுத்து வாங்கப்போவது அதுதான்.