புதுப்பிப்பு: இரும்பு வார்ப்பில் உடைந்த செராமிக் வடிகட்டி

எஸ்.ஜி. இரும்பு (மெக்னீசியம் சேர்த்து, உள்ளிருக்கும் கிராஃபைட்டை உருண்டையாக்கிய வார்ப்பிரும்பு) ஊற்றும்போது சிலிக்கன் கார்பைடு நுரை வடிகட்டி பாதியில் உடைந்து, அதன் துண்டுகள் வார்ப்புக்குள் சிக்குவதாக முன்பு எழுதியிருந்தேன். இன்னும் அதிக வெப்பம் தாங்கும் சிர்கோனியா வடிகட்டிக்கு மாறச் சொன்னவர்களே அதிகம். மாறவில்லை. சிர்கோனியா, 1600 டிகிரியை ஒட்டி ஊற்றப்படும் எஃகுக்கானது. நாங்கள் 1400 டிகிரி அளவில்தான் ஊற்றுகிறோம். விலையைப் பார்த்தாலே கை நடுங்குகிறது!

கோளாறு வடிகட்டி அமர்ந்திருந்த இடத்தில் இருந்தது. ஸ்புரூவுக்கு (உலோகம் அச்சுக்குள் இறங்கும் செங்குத்து வழி) நேர் கீழே வைத்திருந்ததால், உயரத்திலிருந்து விழும் உலோகம் முழு வேகத்தில் அதன்மேல் மோதியது. இந்த வடிகட்டியைச் செய்யும் முறையை நினைத்தால் காரணம் விளங்கும். பாலியூரித்தேன் நுரையைச் செராமிக் குழம்பில் தோய்த்துச் சுடுகிறார்கள். நுரை எரிந்துபோக, இழைகள் உள்ளே பொள்ளலாக நிற்கின்றன. திடீர் வெப்பமும் மோதலும் சேர்ந்து வந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

இப்போது வடிகட்டியை ரன்னருக்கு (உலோகம் கிடைமட்டமாக ஓடும் வழி) மாற்றி, நான்கு ஓரங்களும் மணலில் முழுமையாகத் தாங்கும்படி அச்சைத் திருத்தியிருக்கிறோம். அதன்பின் உடைவு இல்லை. அடைப்புத் தொல்லை மட்டும் எப்போதாவது தலைகாட்டுகிறது. மெக்னீசியம் சேர்ப்பதால் உண்டாகும் கசடு துளைகளை மூடிவிடுகிறது. அதற்கு இன்னும் பெரிய துளையைத் தேடுவதைவிட வடிகட்டியின் பரப்பைக் கூட்டுவதே மேல் என்பது என் கணிப்பு. அடுத்த அச்சில் அதைத்தான் செய்யப்போகிறோம்.