தேனீப் பெட்டிக்குக் கம்பி வலை அடித்தளம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இந்தியத் தேனீயோடு இத்தாலியத் தேனீயும் வைத்திருக்கிறேன். இத்தாலியப் பெட்டிகளில், தேனீ மேல் ஒட்டி வாழும் வரோவா உண்ணி தெரிகிறது. இந்தியத் தேனீ உண்ணியைத் தானே கடித்து உதறும். இத்தாலியத் தேனீக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு.

அதனால் அடிப்பலகையை எடுத்துவிட்டு 3 மி.மீ. கண் உள்ள கம்பி வலை அடிக்க யோசனை. கீழே எண்ணெய் தடவிய அட்டை வைத்தால் வலைக்கண் வழியே விழும் உண்ணியை எண்ணியும் பார்க்கலாம். வலை மட்டும் உண்ணியை ஒழிக்காது என்று தெரியும். பெட்டிக்குள் ஈரமும் புழுக்கமும் குறைந்தாலே பெரிய நிம்மதி.

என் கவலை ஆனி, ஆடி மழைதான். அடி திறந்து கிடந்தால் தேனீப் புழு வளரும் அறைக்குக் குளிர் ஏறுமா? அப்போது வலையை மூடிவிடுவீர்களா? அட்டையில் சேரும் குப்பைக்கு மெழுகு அந்துப்பூச்சி வருமா? செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொன்னால் பெரிய உதவி.