பிள்ளைகள் விமானம் கட்டுகிறார்கள், கைகொடுக்க ஆள் வேண்டும்

வணக்கம். லண்டனில் என் மகள் படிக்கும் பள்ளியில் பிள்ளைகள் ஆர்வி-12 என்னும் இரண்டு இருக்கை விமானத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வால் முடிந்தது, இறக்கையில்தான் இழுபறி. பெரும்பாலும் பாப் ரிவெட்தான் (தகடுகளைச் சேர்த்துப் பிணைக்கும் சிறு ஆணி), பிள்ளைகளே அடிப்பார்கள். ஆனால் அலுமினியத் தகட்டில் ஓட்டை விளிம்பில் பிசிறு நின்றால், பின்னால் வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். அதை வழித்தெடுக்கும்போது பக்கத்தில் பெரியவர்கள் நிற்க வேண்டும். இங்கே இப்படிச் சொந்தமாகக் கட்டும் சிறு விமானங்களைச் சரிபார்க்கும் லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்ற சங்கத்தின் ஆய்வாளர் கட்டம் கட்டமாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும், அவசரப்பட முடியாது.

சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் யாராவது வர முடியுமா? அனுபவம் தேவையில்லை. (தையல் தெரிந்த அக்காமாரின் கை எங்களைவிட நிதானம்!) ரோட்டாக்ஸ் 912 எஞ்சினுக்குப் பணம் சேர்ப்பது தனிக் கதை, அது அப்புறம். காற்று கம்ப்ரசர் இரவல் தந்தாலும் சரி. உள்பெட்டியில் எழுதுங்கள்.